ஆஷ்வெல் நீரூற்றின் பின்புறக் குழாய்

ஸ்ரீரங்கம்,
சித்திரை மாதம், அக்னி நட்சத்திரத்துக்கு முந்தைய வாரம்

என் தமக்கையின் கணவரும், ஆஷ்வெல் நீரூற்று மீட்புக் குழுவின் செயலாளருமான ஸ்ரீமான் கோபு அத்திம்பேர் அவர்களுக்கு, ஹ்ருஷிகேஷ் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது.

இங்கே நானும் கமலினியும் பெருமாள் கிருபையால் சௌக்கியம். மன்னார்புரத்தில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை; தங்கள் அடுக்ககத்தில் இரவும் பகலும் தண்ணீர் வருகிறது.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒரு டவுன் பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் அத்திம்பேருக்கு, ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கக்கூடும். தொலைபேசியில் நான் எழுவாயைச் சொல்லி முடிப்பதற்குள் தாங்கள் பயனிலையைச் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வருகிறது. நேரில் வந்தால் அக்கா காபியைக் கொடுத்து என் கோபத்தை ஆற்றிவிடுகிறாள். கோபம் ஆறாமல் தங்கள் கையில் சேர வேண்டும் என்பதற்காகவே அரசாங்கத்தின் தபால் துறையை நாடியிருக்கிறேன்.

சென்ற தீபாவளிக்குத் தங்கள் அகத்துக்கு வந்திருந்தபோது தாங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஹ்ருஷி, நீதான் ஹிஸ்டரி ப்ரொஃபஸராச்சே. நம்ம நீரூற்றைப் பத்தி விழா மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுடா. ரொம்ப ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். என் கொள்ளுத்தாத்தா பேர் மட்டும் விட்டுப்போகாம பாத்துக்கோ" என்றீர்கள். ஆராய்ச்சி வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்காததுதான் நான் செய்த தொடக்கப் பிழை. சென்னைக்குப் போனேன், ஆவணக் காப்பகத்தில் தூசி தின்றேன், தும்மினேன், எழுதினேன். எழுதியது நான்கு பக்கம் அல்ல, பதினொரு பக்கம். அதில் இருந்தது என்ன என்பதைத் தாங்கள் படிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிவதால், சுருக்கமாக இங்கே மறுபடியும் சொல்கிறேன்.

எட்வின் ஆஷ்வெல் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர், ஊருக்குக் குழாய் வழியே காவிரித் தண்ணீர் கொண்டுவருவதாக வாக்களித்தார். வாக்களித்த நிலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவர் நினைவாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று ஊர்ப் பிரமுகர்கள் கூடினார்கள். அவர் விட்டுப்போன குழாய் வேலையை முடிப்பது ஒரு வழி. அவர் பெயரால் ஒரு நீரூற்று எழுப்புவது மற்றொரு வழி. குழாய் பூமிக்கடியில் போகும், அதில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க முடியாது. ஆகவே நீரூற்று ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நான்கு திசைக்கும் வாய் திறந்த நான்கு இரும்புச் சிங்கங்கள் கப்பலில் வந்தன. பீடம் இங்கேயே கருங்கல்லில் செதுக்கப்பட்டது. எல்லாம் வந்தது, தண்ணீர் மட்டும் வரவில்லை, ஏனென்றால் குழாய் வரவில்லை. திறப்பு விழாவன்று பீடத்தின் பின்னால் ஒரு துணியைக் கட்டி, துணிக்குப் பின்னால் ஏணியைச் சாத்தி, தோல்பையில் தண்ணீர் சுமந்த ஆட்கள் மேலே ஏறித் தொட்டியை நிரப்பினார்கள். சிங்கங்கள் தண்ணீர் உமிழ்ந்தன. கலெக்டரின் உரை தண்ணீரைவிட நீளமாக இருந்தபடியால், பாதி உரையிலேயே சிங்கங்கள் வாயடைத்து நின்றன. முதல் குவளையை வாங்கிக் குடிக்கும் கௌரவம் தங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அளிக்கப்பட்டது. துணி விலகிய இடத்தில் தோல்பையை அவர் பார்த்துவிட்டிருந்தார். குவளையை மரியாதையாக வாங்கி, மரியாதையாகத் தரையில் ஊற்றிவிட்டு, மரியாதையாக வண்டியேறி ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஸ்நானம் செய்தார். தாங்கள் விரும்பியபடி அவர் பெயரை நான் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

சில வருஷங்கள் கழித்துக் குழாய் வந்தது. ஆனால் சிங்கத்தின் வாய் வரைக்கும் ஏறும் அழுத்தம் அந்தத் தண்ணீருக்கு இருக்கவில்லை. பிறகு ஒரு மன்னர் முடிசூடினார். தொட்டியை ஆள் வைத்து நிரப்பி, ஒரு கல்வெட்டுப் பதித்தார்கள். ஒரு யுத்தம் முடிந்தது, நிரப்பினார்கள், பதித்தார்கள். தேசம் விடுதலை பெற்றது, அப்போதும் அப்படியே. அந்த நீரூற்றிலிருந்து விழுந்த தண்ணீரைவிட அதன்மீது ஏறிய கல்வெட்டுகள் அதிகம். பீடத்தைச் சுற்றிச் சங்கிலி போட்டு, ஒரு காவலாளியையும் நிறுத்தியிருந்தார்கள். வறண்ட நீரூற்றில் தண்ணீர் கேட்டு வருபவன் யார், எந்தத் தெரு என்று விசாரிப்பது அவன் உத்தியோகம்.

விடுதலைக்குப் பிறகு வந்த ஒரு பஞ்ச வருஷத்துக் கோடையில், அந்த வட்டாரத்துக் கவுன்சிலராக இருந்த சின்னையன் என்பவர், பூமிக்கடியில் ஓடும் குழாய் பீடத்தை ஒட்டியே போகிறது என்று கண்டுபிடித்தார். கல்லுடைக்கும் ஆளை அழைத்து, பீடத்தின் பின்புறம் ஒரு துளை போட்டு, இடுப்புயரத்தில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகினார். விழா இல்லை. கல்வெட்டு இல்லை. முன்னால் நின்ற காவலாளிக்குப் பின்னால் நடந்தது தெரியவே சில நாள் ஆயிற்று என்கிறார்கள். அன்று தொடங்கிச் சென்ற மாசி வரையில், ஆஷ்வெல் வாக்களித்த தண்ணீரை இந்த ஊருக்குக் கொடுத்தது அந்தக் குழாய் ஒன்றுதான். ஆட்டோக்காரர்கள் முகம் கழுவியது அதில்தான். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் பாட்டிலை நிரப்பியது அதில்தான். யார் நீ என்று அது யாரையும் கேட்டதில்லை.

இவ்வளவையும் நான் எழுதியிருந்தேன். சின்னையனுக்கு மட்டும் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தின் நடுவில், ஆய்வொழுங்கு கருதி ஒரு வாக்கியமும் எழுதியிருந்தேன்: "பின்புறக் குழாய் மூல அமைப்பின் பகுதியன்று, பிற்காலச் சேர்க்கையாகும்." பழைய புகைப்படம் ஒன்றில் பீடத்தின் முதுகு மூளியாக இருக்கிறது, அடுத்ததில் குழாய் இருக்கிறது. ஆகவே அது உண்மை. இன்றும் உண்மை.

மலர் அச்சாகி வந்தது. சின்னையனின் இரண்டு பக்கங்களும் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பட்டுமாளிகையின் விளம்பரமும் தங்கள் புகைப்படமும் இருந்தன. என் பதினொரு பக்கத்தில் மிஞ்சியது தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் (குவளையைக் கீழே ஊற்றிய செய்தி நீங்கலாக), ஆஷ்வெல்லின் புகழ், பிறகு தடித்த எழுத்தில், தனிப் பெட்டிக்குள், அந்த ஒரு வாக்கியம். தங்களுக்கு நிதி கொடுக்கும் சென்னை அறக்கட்டளையின் விதிப்படி, நினைவுச் சின்னத்தை மூல வடிவத்துக்குத் திருப்ப வேண்டும், பிற்காலச் சேர்க்கைகளை நீக்க வேண்டும். கட்டடக்கலை நிபுணராக வந்த அறிவுமதி நல்ல பெண். நான் எழுதியதை நம்பியதைத் தவிர வேறு குற்றம் அறியாதவள். அவள் அந்தப் பெட்டியைச் சுட்டிக்காட்டினாள். தாங்கள் தலையசைத்தீர்கள். குழாய் பிடுங்கப்பட்டது. துளையைச் சிமென்ட்டால் அடைத்தால் பாரம்பரியம் கெடும் என்று சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்து, பழங்கால முறைப்படி அடைத்தார்கள். தாகத்தை அடைத்த பூச்சில் வெல்லம் கலந்த ஊர் நம் ஊராகத்தான் இருக்கும்.

இப்போது சிங்கங்கள் நான்கும் மோட்டார் உதவியால் மாலைதோறும் ஊதா, பச்சை, ஆரஞ்சு நிறங்களில் துப்புகின்றன. துப்பியதே திரும்ப மேலே போய் மறுபடியும் துப்பப்படுகிறது. சுற்றிலும் கம்பி வேலி. வேலியில் ஒரு பலகை: "இந்த நீர் குடிப்பதற்கு உகந்ததன்று." தண்ணீர் தருவதாகச் சொல்லிச் செத்துப்போன ஒரு மனிதனின் நினைவுச் சின்னத்தில் இந்தப் பலகையை மாட்டியவர்கள் அவன்மீது விரோதம் கொண்டவர்கள் அல்லர், அவனைப் போற்றுகிறவர்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இதற்கு மேல் ஒன்று நடக்காது என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோது, தாங்கள் வேலிக்கு நேர் எதிரே கோடைக்காலத் தண்ணீர்ப் பந்தல் திறந்தீர்கள். தென்னங்கீற்று, வாழைமரம், நான்கு மண்பானை, நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, எனக்கு ஒரு பொன்னாடை. அந்த வெயிலில் பொன்னாடை போர்த்தப்பட்டவனின் நிலையைத் தாங்கள் அறியமாட்டீர்கள், தாங்கள் போர்த்துகிறவர். புகைப்படம் எடுத்தார்கள். மறுநாள் இரண்டு பானையில் தண்ணீர் இருந்தது. அதற்கு மறுநாள் ஒன்றில் மட்டும் அடியில் கொஞ்சம் கிடந்தது. பிறகு பானைகளும் பேனரும் மட்டும் இருக்கின்றன. பேனரில் தாங்கள் இருக்கிறீர்கள், நான் இருக்கிறேன், பொன்னாடை இருக்கிறது.

நீரூற்று இருக்கும் அந்தத் தெருமுனையில் ஜெராக்ஸும் கூல் டிரிங்ஸும் சேர்த்துக் கடை வைத்திருக்கும் அனீஸைத் தங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது கடையை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நீங்கதானே அந்தக் கட்டுரை எழுதுனது?"

"ஆமாம்."

"நல்லா இருக்கணும் சார் நீங்க. குழாய எடுத்ததுலேர்ந்து தண்ணி பாட்டில் மட்டும் டபுளா போகுது. வாப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடை இருக்கு, இப்படி ஒரு ஹிஸ்டரி எங்களுக்கு யாருமே எழுதுனதில்ல. இந்தாங்க, ஒரு பாட்டில் கூலிங்கா எடுத்துக்குங்க. உங்கள்ட்ட காசு வாங்குனா நல்லாருக்காது."

அவன் கேலி செய்தானா, நன்றி சொன்னானா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் வாழ்நாள் ஆய்வுக்குக் கிடைத்த ஒரே சன்மானம் அந்தப் பாட்டில். குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெயில் அப்படி.

பக்கத்திலேயே தனியாக ஒரு குழாய் வைக்கலாமே என்று தங்களிடம் சொன்னேன். பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் புதிய கட்டுமானம் கூடாது என்றீர்கள். அறக்கட்டளைக்கு எழுதி விதிவிலக்குக் கேட்டேன். மூலத்தில் இருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகுதான், நேற்று, தாங்கள் தொலைபேசியில் அந்த யோசனையைச் சொன்னீர்கள்.

"இவ்வளவுதானேடா விஷயம்? ஒரே ஒரு வரி மாத்திக் குடு. 'மேலும் ஆராய்ந்ததில், பின்புறக் குழாய் ஆதியிலேயே இருந்தது என்று தெரியவருகிறது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நீ சொன்னா அவா கேட்டுப்பா. அன்னிக்கே ப்ளம்பரை அனுப்பறேன், போதுமா?"

"அது பொய், அத்திம்பேர்."

"பொய்யாவது! ஹிஸ்டரிதானே? செத்துப்போனவாளா வந்து கேட்கப்போறா?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "குழாய் எப்போ வந்தா என்னடா ஹ்ருஷி, தண்ணி வந்துதா இல்லியா? ரெண்டு ஆம்பளையும் படிச்சவா வேற!"

அந்த யோசனைக்கு என் பதிலைத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். எழுதமாட்டேன்.

ஏன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாக ஒரு வகுப்பறையில் நின்று, இருந்ததை இருந்தது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல காரியத்துக்காக ஒரு பொய்யை உள்ளே விட்டால், நாளைக்கு வேறு காரியங்களுக்காக வருகிறவர்கள் அதே வாசலில் நின்று, அன்றைக்கு அவனை விட்டாயே என்று கேட்பார்கள். அப்போது என்னிடம் பதில் இருக்காது. இது கூடப் பரவாயில்லை. என் மனத்தை அறுப்பது வேறு. குழாய் ஆதியிலேயே இருந்தது என்று நான் எழுதினால், அதை வைத்தது ஆஷ்வெல்லின் புகழ் பாடிய பிரமுகர்கள் என்றாகிவிடும். குடிக்காமல் தரையில் ஊற்றியவர்கள் கொடுத்தவர்கள் ஆவார்கள். உண்மையாகவே கொடுத்த ஒரே மனிதர் இல்லாமல் போவார். சின்னையனைத் தாங்கள் மலரிலிருந்து நீக்கினீர்கள். அது இடப் பற்றாக்குறை. நான் வரலாற்றிலிருந்து நீக்கினால் அது கொலை. ஒரு கல்லில்கூடப் பெயர் இல்லாத ஆளை என் கையெழுத்தைக்கொண்டு தீர்த்துவிடச் சொல்கிறீர்கள்.

ஆகவே, இக்கடிதம் கண்ட நாள் முதல் நான் மீட்புக் குழுவின் வரலாற்று ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். பேனரிலிருந்து என் படத்தை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்; வெட்டி எடுப்பது கடினமாயின் கறுப்பு மை பூசினாலும் ஆட்சேபமில்லை. பொன்னாடை தனி உறையில் வருகிறது. கமலினி அதைத் துவைத்துவிட்டாள், சாயம் போய்விட்டது, அதற்கு நான் பொறுப்பல்ல. வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் அமைச்சர் வருகையில் நான் கலந்துகொள்ளமாட்டேன். அக்கா செய்யும் அக்காரவடிசிலுக்கும் வரமாட்டேன். இந்தக் கடைசி முடிவை இரண்டு முறை எழுதி இரண்டு முறை அடித்தேன் என்பதை மறைக்கவில்லை; ஆயினும் மறுபடியும் எழுதிவிட்டேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் பாதங்களையும் சேவிக்கிறேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. ரங்கநாதன் தங்களுக்குத் தீர்க்காயுசையும் தேகபலத்தையும் அருள்வானாக. என்றாவது ஒருநாள் நடுப்பகலில், கையில் பாட்டில் இல்லாமல், தங்களை அந்த முனையில் பஸ்ஸுக்காக நிற்கவைப்பானாக.

இப்படிக்கு,
ஹ்ருஷிகேஷ்

பின்குறிப்பு: இதை அனீஸின் கடைப் பலகைமீது வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உறையை ஒட்டுமுன், குழாய் இருந்த துளை முழுவதும் அடைபட்டதா, மேலே மட்டும் பூசினார்களா என்று ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம் என்று ஸ்ரீரங்கம் தபாலாபீசை விட்டுவிட்டு இங்கே வந்தேன். முழுவதும்தான் அடைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கையில், கையில் எக்ஸ்ரே உறையும் காலி பாட்டிலுமாக ஒரு அம்மாள் பின்புறம் வந்தார். திருவெள்ளறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவராம். கம்பி வேலிக்குள் கையை விட்டுப் பீடத்தைத் தடவித் தடவித் தேடினார்.

"சார், இங்கன ஒரு குழா இருந்துச்சே, எங்க?"

"எடுத்துட்டாங்கம்மா."

"நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏன் எடுத்தாங்க?"

முப்பது வருஷப் பழக்கம், அத்திம்பேர். "அது ஆதியில கிடையாதும்மா. பின்னாடி வச்சது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நானுந்தான் சார் ஆதியில கிடையாது. பின்னாடி வந்தவதான். தாகமா இருக்குல்ல?"

சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய்ப் பானைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். பேனரில் என்னையும் நேரில் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஓடிப்போய் ஒரு பாட்டில் வாங்கிவந்து கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "அப்ப நாளைக்கும் நீங்க இங்கதான் நிப்பீங்களா சார்?" அனீஸ் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாளைக்கு நான் இங்கே நிற்கமாட்டேன். ஆகவே தாங்கள் கேட்ட வரியை, தாங்கள் சொன்ன சொற்களிலேயே தனித்தாளில் எழுதி, கையொப்பமிட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன். குழாய் ஆதியிலேயே இருந்தது. வரலாற்றாசிரியன் என்ற முறையில் உறுதியளிக்கிறேன். சின்னையனிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பெயர் போட்டுக்கொள்ளாமல் குழாயை மட்டும் வைத்துவிட்டுப் போன மனிதர். என்மீது வழக்குத் தொடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

விலகல் இல்லை. மை பூச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அக்காவிடம் நெய்யைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லவும்.

பதிவுத் தபால் போய்ச் சேர நாளாகும் என்பதால் இதை ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறேன். ப்ளம்பரை இன்றே அனுப்பிவிடுங்கள், அத்திம்பேர். நாளைக் காலையில் தூங்கி எழுந்தால் நான் மறுபடியும் வரலாற்றாசிரியனாகிவிடுவேன்.